புனைவூரும் பூர்வகுடியினரும்: கற்பனைத் தீவின் பெயர் குறித்துச் சில சிந்தனைகள்

புனைகதையாசிரியர் தமக்கென ஓர் ஊரைக் கற்பித்துக்கொள்வது புதிதன்று. ஆர். கே. நாராயணின் மால்குடி 1935 முதல் வாசகர் மனத்தில் நிலைபெற்றுள்ளது. வரைபடத்தில் இல்லாத ஊராதலின் அங்கு நிகழ்வனவற்றுக்கு எவரும் சான்று கேட்பதில்லை. அவ்வூர் ஒரு சிறு தீவாகவும் அதன் மக்களுள் கணிசமானோர் பூர்வகுடியினராகவும் இருப்பின், இவ்வுரிமை அதே அளவிற் செல்லுமா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா. ஜொகூரிலிருந்து எழுதும் நமக்கு இது வெறும் கோட்பாட்டு வினா அன்று.

ஜொகூர் நீரிணைக் கரையில் வாழும் ஓராங் செலெத்தார் மக்கள், முன்னாளில் படகையே வீடாகக் கொண்டு, அலையாத்திக் காடுகளில் நண்டும் சிப்பியும் தேடி, இருகரைகளிலும் தடையின்றித் திரிந்தவர்கள். 1924இல் கட்டி முடிக்கப்பட்ட தரைப்பாலம் அவர்தம் நீர்வழியை இரண்டாக்கிற்று. செலெத்தார் என்னும் பெயர் இன்று சிங்கப்பூரில் ஒரு விமான நிலையத்துக்கு உண்டு. அப்பெயருக்குரிய மக்களின் ஊர்களோ ஜொகூர்க் கரையில் உள்ளன.

பூர்வகுடியினரின் உரிமைக் கோரிக்கை இடத்தையும் இடப்பெயரையும் பற்றி நிற்பது. லிங்கியூ அணைக்காகத் தம் மூதாதையர் நிலத்தை இழந்த ஜாக்குன் மக்களுக்கு, ஆடோங் பின் குவாவ் வழக்கில் (1997) ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் வெள்ளி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எந்தக் காடு, எந்த ஆறு என்று சுட்ட இயலாதவர் அத்தகைய மன்றத்தில் எதனைக் கோர முடியும்? ஆகவே, புனைகதை அம்மக்களை ‘எங்கோ ஒரு தீவில்’ குடியேற்றும்போது ஆசிரியர் பெறும் விடுதலை அவர்களுக்கு இழப்பாக முடியக்கூடும்.

இவ்விடர்ப்பாட்டை அமிதாவ் கோஷ் உணர்ந்திருந்தார் என்றே கொள்கிறோம். ‘தி ஹங்க்ரி டைட்’ (2004) நாவலின் லூசிபாரி, சுந்தரவனத்தில் அவர் கற்பித்த தீவு. (அத்தீவுகளின் மக்கள் பல இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள், அவர்களைப் பூர்வகுடியினர் எனல் முற்றும் பொருந்தாது.) பள்ளியாசிரியரும் அவர் மனைவியும் வாழும் ஊர்தான் கற்பனை. 1979இல் அகதிகள் வன்முறையால் வெளியேற்றப்பட்ட மரிச்ஜாப்பியை அவர் மரிச்ஜாப்பி என்றே எழுதுகிறார். கொடுமை நிகழ்ந்த இடத்துக்கு அவர் மாற்றுப்பெயர் தேடவில்லை. இது நாவலின் நேர்மை.

அதன் குறை ஃபோகிர் என்னும் மீனவனிடத்தே வெளிப்படுகிறது. ஆறுகளை எல்லாம் அறிந்தவன் அவன். ஆனால் ஆய்வாளர் பியாவுக்கு அவன் மொழி தெரியாது. அவன் பாடுவதன் பொருளை மொழிபெயர்ப்பாளர் கனாய் வழியாகவே அறிகிறோம். இறுதியில் புயலில் பியாவைக் காத்து அவன் மடிய, அவன் காட்டிய நீர்வழிகள் அவளது இடங்காட்டிக் கருவியில் எஞ்சுகின்றன. கோஷ் இதனை ஓர் ஆறுதலாகவே காட்டுகிறார். நாம் அவ்வாறு கொள்ள இயலவில்லை.

ஆஸ்திரேலியாவின் வான்யி இனத்தவரான அலெக்சிஸ் ரைட்டின் ‘கார்ப்பெண்டேரியா’ (2006) இதற்கு நேரெதிர்த் திசையிற் செல்கிறது. மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதை 2007இல் பெற்ற இந்நாவலின் டெஸ்பரன்ஸ், துறைமுகமாக நிறுவப்பட்டு, ஆறு தடம் மாறியதால் நீரிழந்து நிற்கும் கற்பனை ஊர். வெள்ளையர் நடுவிலும் பூர்வகுடியினர் ஓரத்து முட்புதர் வெளியிலும் வாழ்கின்றனர். வளைகுடாவும் கடலும் மெய். ஊர் மட்டுமே புனைவு. குடியேறியவரின் ஊர்தான் நேற்று வந்த கதை என்று ரைட் சொல்லாமற் சொல்கிறார். இந்நாவலும் புயலில்தான் முடிகிறது. ஆயின் இங்கே புயல் கொண்டுபோவது ஊரை. சிதைந்த குப்பைகளே ஒரு மிதக்குந் தீவாகின்றன. முதியவர் நார்மல் ஃபேன்டம் பேரனோடு நடந்து தம் பழைய இடத்துக்கே திரும்புகிறார். இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தாமே காண்பர்.

நம் தோட்டப் புனைகதைகளை இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்தல் தகும். கப்பலேறி வந்த தமிழர் காடழித்து ரப்பர் நட்ட துயரமே அவற்றின் உயிர்நாடி. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அக்காடு அவற்றுட் பெரும்பாலும் ஆளில்லாக் காடாகவே வருகிறது. பூர்வகுடியினர் எவரேனும் தோன்றினாலும், வழிகாட்டியாகவோ மூலிகை தருபவராகவோ ஓரிரு பக்கங்களில் மறைந்துவிடுகின்றனர். வஞ்சிக்கப்பட்டவரின் இலக்கியம் என்பதனாலேயே இதனைத் திறனாய்வாளர் கேளாதிருந்தனர் போலும்.

ஜொகூரில் ஒரு கற்பனைத் தீவை அமைக்க விரும்பும் தமிழ் எழுத்தாளர் தோட்டத்துக்கும் கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் விரும்பிய பெயரை இடலாம். லிங்கியூவும் செலெத்தாரும் தம் பெயரோடே வருதல் வேண்டும். வெட்டுவதற்கு முன் அக்காட்டில் யார் இருந்தனர் என்பதைத் தோட்டத்துக் கங்காணி அறிந்திருக்கக்கூடும். முதற்கண் அவர் வாயிலாகவேனும் அது கதைக்குள் வரலாம்.