ஸ்தோத்திரம் சொல்லும் ஊரும் வணக்கம் சொல்லும் ஊரும்

நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் போனால், தெரிந்தவரைப் பார்த்ததும் ஜனங்கள் வாயில் முதலில் வருவது ‘ஸ்தோத்திரம்’. ஷேர் ஆட்டோவின் முதுகில் ஒரு சங்கீத வசனம் இருக்கும். மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேலே அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை, கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் இன்னொரு வசனம். யாழ்ப்பாணத்தில் உடுவில், மானிப்பாய், தெல்லிப்பழை எங்கும் நாலைந்து தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஒழுங்கையில் எதிர்ப்படுகிறவருக்குச் சொல்வது வணக்கம்தான். இதைப் பார்த்து அங்கே விசுவாசம் மங்கிவிட்டது என்று எங்கள் பக்கத்துப் பிரசங்கிமார் சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. இரண்டு கரைக்கும் வேதம் வந்த வழி வேறு. அதனால் அதைப் பேசும் வழக்கமும் வேறாயிற்று.

நெல்லைச் சீமையில் வேதம் ஊர் ஊராக வந்தது. 1799இல் முதலூர் உருவானது, துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள் சேர்ந்து குடியேறத் தனி நிலம் வாங்கியபோதுதான். அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுக, தெருவோடு தெருவாக, சில இடங்களில் ஊரே மொத்தமாகச் சபையில் சேர்ந்தது. கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அங்கேயே இருந்து கோயிலோடு ஊரையும் கட்டினார். இப்படிப்பட்ட இடத்தில் வேதத்தின் பேச்சே ஊர்ப் பேச்சு. பக்கத்துத் தெற்குத் திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. அப்படி மிதிபட்ட ஜனங்களுக்கு ஆண்டவர் பேரை நடுத்தெருவில் உரக்கச் சொல்வது நிமிர்ந்து நிற்பதன் அடையாளமாக இருந்தது. அந்தச் சத்தத்தை இரைச்சல் என்று தள்ளுகிறவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வேதம் வந்தது பள்ளிக்கூட வாசல் வழியாக. 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது; 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, மறு வருஷம் உடுவில் மகளிர் பாடசாலை. அங்கே ஊர் சேர்ந்து மாறவில்லை, ஒருவர் இருவராக மாறினார்கள். அண்ணன் சபையில், தம்பி சைவத்தில், நடுவில் ஒரு கிடுகு வேலி. பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலரே பிறகு சைவத்துக்காக எழுந்து நின்ற ஊர் அது. வேதத்தை நன்றாகப் படித்து, கேள்வி கேட்கத் தெரிந்த சொந்தக்காரர் மத்தியில் வாழ்கிறவர் வாயை அளந்துதான் திறப்பார். அவருடைய விசுவாசத்துக்கு அத்தாட்சி, செத்தவீட்டில் அவர் என்ன செய்கிறார் என்பதில் இருந்தது. இழவு விழுந்த சைவ வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலட்டைதான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். கிறிஸ்தவ வீட்டுக்காரி மச்சச் சட்டியை ஒதுக்கிவைத்து, சைவச் சமையலுக்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தை எடுத்துச் சோறும் பருப்பும் ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் அங்கே வசனம் எதுவும் சொல்வதில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவருக்கு அந்தப் பாத்திரம் எதற்கு என்று தெரியும்.

எங்கள் பக்கத்தின் பலவீனம் வேறு இடத்தில். ஸ்தோத்திரம் சொன்ன வாய் அடுத்த மூச்சில் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்கும். வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். அந்தப் பழக்கமும் அவர்மேல் இருந்த ஆத்திரத்தை வளர்த்தது. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதே வடக்கன்குளத்தில்தான், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காக இரட்டைச் சிறகோடு நடுவில் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். அந்தச் சுவர் இடிக்கப்பட இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை இன்னும் போகவில்லை. ஒரு தலித் குடும்பம் தன் பிள்ளையை அடக்கம்பண்ணத் தனி வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்வரை, அந்தப் பங்கின் ஒலிபெருக்கி எந்த நற்செய்தியைச் சொன்னாலும் கேட்கிறவர் நம்பமாட்டார்.

இதற்கு எதிராக எங்களிடம் உள்ள நல்ல வழக்கம் அசனம். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும். மறுநாள் பந்தி பந்தியாக ஜனம் உட்காரும். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் இலை விழும். ஒரே பந்தி என்பதே ஒரு காலத்தில் இந்த மண்ணில் நடக்காத காரியம் என்பதை நினைத்தால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள் பலவற்றைவிட அந்தப் பாய் அதிகம் பேசியிருக்கிறது என்று தோன்றுகிறது. யாழ்ப்பாணமும் சாதியிலிருந்து தப்பவில்லை. 1930ஐ ஒட்டிய வருஷங்களில் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கப் போய்ப் பெரும் கலகமே நடந்தது.

ஈழத்துக் கிறிஸ்தவருக்கு நடத்தையால் பேசக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர். கோவாக்காரரான ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவுக்கு இடமில்லை. பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சில்லாலைப் பக்கம் தங்கி, ராத்திரியில் ஜனங்களைத் தேடிப் போனார். பிறகு கண்டிக்குப் போய் ஒற்றன் என்று சிறைபட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, வாஸும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் குடிசை போட்டு அவர்களைக் கழுவித் துடைத்து ஊட்டினார்கள். பௌத்த அரசர் அதைப் பார்த்தபின், வாஸுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. வாயைக் கட்டிப்போட்ட நாட்டில் கை பேசியது. 2015 ஜனவரியில் அன்றைய பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கிவிட்டு, அன்றே மடுவுக்குப் போனார். சிங்களவரும் தமிழரும் ஒரே மாதாவின் முன் முழந்தாளிடுகிற இடம் மடு. அந்த நாட்டில் கிறிஸ்தவருக்கு வைக்கப்பட்டிருக்கும் சோதனையும் அங்கேதான் இருக்கிறது. ஒரே மந்திரத்தை இரண்டு மொழியில் சொல்கிறவர்கள், யுத்தம் முடிந்தபின் காணாமற்போனோர் பற்றி ஒரே குரலில் பேசினார்களா என்று மன்னார்த் தாய்மார் கேட்டால் பதில் சுலபமில்லை.

இந்தியா கொடுத்ததை ஈழமும் திருப்பிக் கொடுத்தது. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜான் ஸ்கடர் 1836இல் சென்னைக்குப் போனார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்தவனாக ஒருவன் தன் பேச்சையும் உடையையும் விட வேண்டியதில்லை என்று அவர் நினைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மதமாற்றத்துக்கு எதிரான சட்டம் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் 2002இல் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இலங்கையில் 2004இல் கொண்டுவந்த மசோதாவின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட சட்டத்தை நான் எதிர்க்கிறேன். ஆனால் அயலவர் வீட்டுச் சாமியைப் பிசாசு என்று மேடையில் சொன்ன வாய்களும் நம்மேல் சந்தேகத்தை வளர்த்தன என்பதை நம் சபைகள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கச்சத்தீவில் இரண்டு கரையும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 1905இல் நம்புதாளைக்காரர் ஒருவர் கட்டிய அந்தோனியார் கோயில் அங்கே இருக்கிறது; 2016இல் புதுக் கோயிலும் எழும்பியது. தவக்காலத் திருவிழாவுக்கு ராமேஸ்வரம், தங்கச்சிமடத்திலிருந்தும் யாழ்ப்பாணம், நெடுந்தீவிலிருந்தும் படகுகள் வந்து சேரும். சிலுவைப் பாதையில் பதினாலு தலத்துக்கும் சேர்ந்து முழந்தாளிடுவார்கள். வாங்கி வந்த சோப்பும் சேலையும் தின்பண்டமும் கை மாறும். மறுநாள் கடலுக்குப் போனால் கதை வேறு. தமிழகத்து விசைப்படகின் இழுவைமடி ராத்திரியில் கடலடியை வாரிக்கொண்டு போகும்போது, கடன் வாங்கி யாழ்ப்பாணத்து ஆள் விரித்த வலையும் சேர்ந்து அறுந்துபோகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. பிடிபட்ட நம் மீனவர்கள் சிறையில் கிடக்கிறார்கள், படகு துருப்பிடிக்கிறது, வீட்டில் பிள்ளைகள் பட்டினி. அந்தக் கோபத்தில் 2024இல் ராமேஸ்வரத்து மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. சிறைப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி எங்கள் கரைப் பங்குகளில் உருக்கமாக மன்றாடுகிறார்கள். அது சரியான காரியம். அதே பீடத்திலிருந்து, அறுந்துபோன வலைக்குச் சொந்தக்காரரின் பெயரையும் சொல்லி மன்றாட வேண்டும். இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்கு மாறுவதற்குச் சங்கத்தாரைக் கூட்டிப் பேசும் முதல் ஆளாகப் பங்குக் குரு இருக்க வேண்டும். திருவிழாவுக்குப் போகும் படகுகளில் சோப்போடு ஒரு கட்டு நைலான் நூலையும் ஏற்றிக்கொண்டு போகலாம். நெடுந்தீவுக்காரருக்கு அது உபயோகப்படும்.