கைவிட எண்ணாத வதிவிடம்

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி நதியோரத்தில் இருக்கிறது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன் இங்கேதான் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அவனுடைய அரசியர் மதுரையிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஒருத்தியின் சகோதரனே அவனுக்குப்பின் அரியணை ஏறினான். அந்நாளில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவார் எவருமில்லை. ஆனால் கடலுக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். அற்றுப்போன உபசம்பதா மரபை மீட்கச் சீயத்துப் பிக்குகளை அழைக்க விரும்பிய கண்டியரசு, ஒல்லாந்தக் கம்பனியிடம் கப்பலுக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. 1741இல் புறப்பட்ட தூதுக்குழு கப்பலோடு அழிந்தது. 1753இல்தான் உபாலி தேரர் ஒல்லாந்தர் கப்பலில் வந்திறங்கினார். 1756இல் கண்டியிலேயே மறைந்தார். கலாசாரப் பரிவர்த்தனைக்கு நம் மண்ணில் இதைவிடச் சிறந்த உதாரணம் நாம் அறியோம். அழைத்தவர் யார், வந்தவர் யார் என்பதோடு, வழிவிட்டவர் யார் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

இந்தக் கேள்வியுடன்தான் அமெரிக்காவின் 1961ஆம் ஆண்டுக் கல்வி, கலாசாரப் பரிவர்த்தனைச் சட்டத்தை நாம் அணுகுகிறோம். மக்களிடையே பரஸ்பரப் புரிந்துணர்வை வளர்ப்பதே அதன் நோக்கமாம். சொற்கள் இனியவை, பயனற்றவை என்றும் நாம் கூறோம். 1952இல் கைச்சாத்தான புல்பிரைட் ஒப்பந்தத்தின் வழியே நம்மவர் பலர் சென்று கற்றுத் திரும்பியுள்ளனர். படிப்பு முடித்த சிலர் ஈராண்டு தாய்நாட்டில் வாழ்ந்தே ஆகவேண்டும் என்ற விதியையும் நாம் குறைகூற மாட்டோம். இலவசக் கல்வி தந்து வளர்த்த நாட்டுக்கு அறுவடையில் பங்கு வேண்டாமா?

ஆனால் இன்னொரு விதி நம்மை உறுத்துகிறது. 'ஜே' வகை வீசா கேட்பவருக்கு, அவர் கைவிட எண்ணாத வதிவிடம் ஒன்று அமெரிக்காவுக்கு வெளியே இருக்கவேண்டும். அதை அதிகாரி நம்பும்படி காட்டும் பொறுப்பும் அவருடையதே. வதிவிடம் வேறு, சொத்து வேறு என்று சட்டத்தரணிகள் விளக்கலாம். எனினும் காணி உறுதியும் வங்கிக் கணக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை கையில் கட்டோடு போய் நிற்கிறான். அந்தானை மலைச்சரிவின் லயத்தில் பிறந்த பெண் எதைக் கொண்டுபோவாள்? தலைமுறைகளாக அம்மலையைவிட்டு அகலாத குடும்பம் அவளுடையது. லயமோ தோட்டத்துக்குரியது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்த அவள் முன்னோரிடம் அன்று எவரும் பத்திரம் கேட்கவில்லை. கோப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. 1948இல் கேட்டார்கள். பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

ஆள் தேவைப்படும் இடத்தில் பரிவர்த்தனையும் தாராளமாகிவிடுகிறது. 2011இல் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சாக்லேட் பொதிசெய்யும் கிடங்கொன்றில் பல நாட்டு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வந்ததும் இதே 'ஜே' வீசாவில், கலாசார அனுபவம் பெறவென்று! பாரமான பெட்டிகளைத் தூக்கியதும் இரவுவேலை பார்த்ததுமே அவர்கள் கண்ட கலாசாரம்.

உறுதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேடும், அவர்களை அறிந்த ஆசிரியரின் கடிதமும் பிணைப்புக்குச் சான்றாக மதிக்கப்படவேண்டும் என்று நம் ஆசிரிய சங்கங்கள் கேட்கட்டும். அத்தகைய கடிதங்களை இப்போதே எழுதத் தொடங்கலாம்.