மூன்று டிஃபெண்டர்களும் கேமின் டேட்டா மாடலும்

கால்பந்து வீடியோ கேம் ஆடுபவர்களிடம் 3-4-3 பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அது தற்கொலை, ஓரம் முழுக்கத் திறந்து கிடக்கும்" என்பது ஒன்று. "அது பேருக்குத்தான் 3-4-3, உண்மையில் 5-4-1, பயந்தவன் ஆடுறது" என்பது இன்னொன்று. கேமுக்குள் இரண்டுமே நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழியை ஃபார்மேஷன் மேல் போடுவதற்கு முன், கேமை எழுதியவர்கள் அதை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

2019-20 சீசனை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் காஸ்பெரினியின் அட்டலாண்டா, இங்கிலாந்தில் கிறிஸ் வைல்டரின் ஷெஃபீல்ட் யுனைடெட். இரண்டுமே பின்னால் மூன்று பேரை வைத்து ஆடிய அணிகள். லீக்கில் இரண்டுக்கும் 38 ஆட்டம். அட்டலாண்டா அடித்தது 98 கோல், மூன்றாம் இடம். ஷெஃபீல்ட் அடித்தது வெறும் 39, ஒன்பதாம் இடம்.

சரி, முன்னது அட்டாக், பின்னது டிஃபென்ஸ் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஷெஃபீல்டில் மூவரில் ஓரத்தில் நின்ற சென்டர்-பேக்குகள், பாஷமும் ஓ'கானலும், தங்கள் விங்-பேக்கையே தாண்டி ஓடிப்போய் கிராஸ் போடுவார்கள். அவரை யார் பிடிப்பது என்று எதிரணி முடிவு செய்வதற்குள் ஓரத்தில் ஒரு ஆள் கூடிவிடும். அவர் விட்டுப்போன இடத்தில் ஒரு மிட்ஃபீல்டர் இறங்கி நிற்பார். கோல் குறைவாக விழுந்தது வேறு கதை. மூவரை வைத்து அட்டாக் ஆடுவதென்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: யார் எப்போது இடத்தை விட்டுப் போகிறார், அதை யார் நிரப்புகிறார்.

இதை ஃபிஃபா கேம்கள் எப்படி வைத்திருந்தன? ஆளுக்கு ஒரு இடம், அதற்கு ஒரு பெயர். 3-4-3 தேர்ந்தெடுத்தால் ஓரத்தில் நிற்பவர் மிட்ஃபீல்டர். ஐந்து டிஃபெண்டர் ஃபார்மேஷனுக்குப் போனால் அதே ஆள் விங்-பேக். கான்டேயின் செல்சீயில் விக்டர் மோசஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு வேலையும் பார்த்தார். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது ஆட்டத்தின் நடுவிலேயே கான்டே மூவருக்கு மாறினார். அடுத்த ஆட்டத்திலிருந்து தொடர்ந்து 13 லீக் வெற்றி, கடைசியில் கோப்பை. கேமோ மோசஸுக்கு ஒரே ஒரு ஃபீல்டு ஒதுக்கி, "நீ யாருன்னு இப்பவே சொல்லு" என்கிறது. ஆபீஸில் இப்படி ஒரு டேபிள் டிசைன் வந்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

பெஸ் இதில் ஒரு படி மேல். பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது வேறு வடிவம் என்று தனித்தனியாக வைக்க விட்டது. மோசஸ் பிரச்சினை அதில் தீர்ந்துவிடும். பாஷம் பிரச்சினை தீராது, ஏனென்றால் அவர் ஓடுவது பந்து நம்மிடம் இருக்கும்போதே, சில தருணங்களில் மட்டும்.

அதற்கு வழி கொடுத்தது ஃபுட்பால் மேனேஜர் 2022. வைடு சென்டர்-பேக் என்று தனியாக ஒரு ரோல். அட்டாக் டியூட்டி கொடுத்தால் ஷெஃபீல்ட் பாணியிலேயே ஓரமாக ஏறுவார். நான் பார்த்த கேம்களில் மூவர் அமைப்பைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட அம்சம் இது ஒன்றுதான். இரண்டு பக்கமும் அட்டாக் கொடுத்து, பந்து பறிபோனதும் நடுவில் தனியாக நிற்கும் ஒருவரைத் திட்டுபவர்கள் நிறைய. ஒரு பக்கம் மட்டும் ஏறட்டும். அதே பக்கத்து மிட்ஃபீல்டருக்கு டிஃபென்ட் டியூட்டி, முன்னால் இருப்பவர் உள்ளே வெட்டிப் போகிறவராக இருக்கட்டும். அப்போதுதான் ஓரம் காலியாகும், அதில் ஓடுவதற்கும் அர்த்தம் இருக்கும்.

ஃபுட்பால் மேனேஜர் 26இல் பந்தோடு, பந்தில்லாமல் என்று இரண்டு ஃபார்மேஷனும் வந்துவிட்டது. நல்லது. ஆனால் ரோல் இன்னும் தனி ஆளுக்குத்தான். "இவர் ஏறினால் அவர் இறங்கணும்" என்று இரண்டு பேரைச் சேர்த்து முடிச்சுப் போட ஒரு கட்டம் கொடுத்தால் போதும், மற்றதை நாமே பார்த்துக்கொள்வோம்.