விஞ்ஞானக் கதையும் அற்புதக் கதையும்

சந்திர யாத்திரை பற்றிய கதைகள் மூன்றினை ஒப்புநோக்கின், விஞ்ஞானக் கதைக்கும் அற்புதக் கதைக்குமுள்ள எல்லை புலனாகும். 1785இல் ராஸ்பே வெளியிட்ட நூலிலே மன்ச்சோசன் பிரபு அவரைக்கொடி பற்றிச் சந்திரனுக்கு ஏறுகின்றார். கொடி எவ்வாறு அத்துணை உயர்ந்ததென எவரும் வினவுவதில்லை. வினவின் சுவை கெடும். 1865இல் ஜூல்ஸ் வேர்ண் 900 அடிப் பீரங்கியினின்று மூவரை ஏவினார். வேகத்தையும் வெடிமருந்தையும் கணக்கிட்டே கூறினார். 1901இல் எச். ஜி. வெல்ஸ், ஈர்ப்பைத் தடுக்கும் ‘கேவரைற்’ என்னும் பொருளைக் கற்பித்தார். தாம் பௌதிகத்தைக் கையாள, வெல்ஸ் இல்பொருளைப் புனைகின்றார் என வேர்ண் 1903இல் குறை கூறினார்.

அக்குறை முற்றும் பொருந்துவதன்று. வேர்ணின் பீரங்கி, ஏவும் கணத்திலேயே பயணிகளை நசுக்கிக் கொன்றுவிடும். வெல்ஸின் பொருளோ உலகில் இல்லாதது. ஆயினும் அதனை ஒருமுறை ஒப்புக்கொண்டபின், கலத்தின் திரைகளைத் திறந்தும் மூடியும் திசை திருப்புதல் வரை யாவும் அவ்வொரு விதியினின்றே பிறக்கின்றன. ஆகவே, கூறப்படும் விஞ்ஞானம் மெய்யோ பொய்யோ என்பது அளவுகோலன்று. ‘எவ்வாறு?’ என்னும் வினாவுக்கு இயற்கை விதிவழி நின்று விடைகூறக் கடமைப்பட்டது விஞ்ஞானக் கதை. அக்கடமையினின்று விடுதலை பெற்றது அற்புதக் கதை. விடுதலை இழிவன்று, கடமை உயர்வுமன்று. ஒன்றற்குரிய கோலால் மற்றொன்றை அளப்பது திறனாய்வாகாது.