மே மாதம் இல்லாத வாத்தியார்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது நாவல் இல்லை, சினிமா இல்லை. ஒரு சுற்றறிக்கை. சிரிக்காதீர்கள். நம் ஊரில் அதிகம் பேரின் ராத்தூக்கத்தைக் கெடுத்த எழுத்து எது என்று கணக்கெடுத்தால், பரிசு வாங்கிய நாவல்களெல்லாம் வரிசையில் பின்னால்தான் நிற்கும். சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை முந்திக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

இதன் முதல் பாகம் 2019-ல் வெளிவந்தது. எல்லா வகுப்புகளுக்கும் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது கலைக்கு ஒதுக்க வேண்டும். அது போக கணக்கு, அறிவியல், சரித்திரம் எல்லாவற்றையும் கலையோடு சேர்த்தே நடத்த வேண்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமையல் கலையை அறிமுகப்படுத்தலாம் என்றுகூட ஒரு பத்தி இருந்தது. எந்த வித்திலிருந்து எப்படி எண்ணெய் எடுக்கிறார்கள், நம் மண்ணில் விளையும் மசாலாச் சாமான்கள் என்னென்ன என்றெல்லாம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாமாம். படித்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கடுகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சூப்பர் மார்க்கெட்டைக் கை காட்டுகிற தலைமுறை இல்லையா?

2020-ல் இரண்டாம் பாகம். பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது 'கலை ஒருங்கிணைந்த' ப்ராஜெக்ட் செய்தே ஆக வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறொரு மாநிலத்தின் கலையைத் தொட வேண்டும். 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்களை ஜோடி சேர்த்திருந்தார்கள் அல்லவா, அதன்படி. தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஜோடி ஜம்மு காஷ்மீர். பெற்றோருக்குச் செலவு வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்தே செய்யணும் என்பதும் உத்தரவில் உண்டு. எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. தோசைக்கல் அடுப்பில் இருக்கிறது. "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டுபோகணும்" என்று ஒரு குரல். அப்பா பைக்கை உதைத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறார். கடைக்காரருக்கு விஷயம் தெரியும். கேட்பதற்கு முன்பே சினார் இலைப் படத்தையும் தெர்மோகோல் அட்டையையும் எடுத்துப் போடுகிறார். அம்மா வெட்ட, அப்பா ஒட்ட, பிள்ளை தூங்க, விடிவதற்குள் தால் ஏரியில் ஒரு ஷிகாரா படகு மிதந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து மார்க். யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

பிரதியில் குறை இல்லை, நாடகம் மட்டும் படுத்துவிட்டது. ஏன்? பாத்திரங்களைப் பாருங்கள். மாணவன் வருகிறான். பாட ஆசிரியர் வருகிறார், பாரம் முழுக்க அவர் தலையில்தான். ட்ராயிங் மாஸ்டரும் பாட்டு டீச்சரும் கதாநாயகனின் நண்பன் மாதிரி இரண்டு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபது வருஷமாக அல்ஜீப்ரா நடத்தியவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இதைக் கொஞ்சம் நாட்டியத்தோடு நடத்துங்க சார்" என்றால் பாவம், அவர் என்ன செய்வார்? பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் அம்மாவிடம் சொல்வார்கள்.

இந்த யோசனை புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு நூற்றிருபது வயசுக்கு மேல் ஆகிறது. 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களை வைத்துக்கொண்டு தாகூர் ஆரம்பித்ததும் இதைத்தான். சாந்திநிகேதன் என்றதும் நமக்கு மரத்தடி வகுப்புதான் ஞாபகம் வரும். போட்டோவுக்கு நன்றாயிருக்கும். பார்த்துவிட்டு வந்து இங்கேயும் சில பள்ளிக்கூடங்கள் மரத்தைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டின. மரம் அங்கே பெரிய விஷயமில்லைங்க. மரத்தடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள்.

1919-ல் அதே வளாகத்தில் கலா பவனம் தொடங்கியது. அதை வளர்த்தவர் நந்தலால் போஸ். நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்கு ஓவியம் தீட்டினார்களே, அவரும் அவர் மாணவர்களும்தான். பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிற வழியில், சுவரில், பெரிய ஓவியர்கள் ஏணி மேல் நின்று வரைந்துகொண்டிருந்தார்கள். 1930-ல் குழந்தைகளுக்கு வங்காள எழுத்து சொல்லித்தர 'சகஜ் பாட்' என்று தாகூர் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் படம் யார்? நந்தலால்தான். லினோ தகட்டில் செதுக்கி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். அரிச்சுவடிக்குப் படம் போடுவதைத் தன் தகுதிக்குக் குறைச்சலான வேலையாக அந்த மனிதர் நினைக்கவில்லை. எழுத்தும் படமும் ஒரே நேரத்தில் பிள்ளை கண்ணில் விழுந்தது. 'ஒருங்கிணைப்பு' என்ற வார்த்தை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

சமையல் பத்தியைச் சொன்னேன் இல்லையா, அதற்கும் அங்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1915-ல் காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தார். பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் ஆள் எதற்கு, நீங்களே செய்யலாமே என்று மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிளப்பிவிட்டுப் போனார். அந்தச் சோதனை நீடிக்கவில்லை. ஆனால் மார்ச் 10-ஆம் தேதி அங்கே இன்னமும் காந்தி பெயரில் ஒரு நாளாக இருக்கிறது. பணியாட்களுக்கு அன்று ஓய்வு, துடைப்பம் மாணவர்கள் கையில். செயல்முறை மார்க் கிடையாது.

உலகப் பார்வை விஷயமும் இப்படித்தான். இன்று எந்த ஊர் பைபாஸில் போனாலும் 'இன்டர்நேஷனல்', 'குளோபல்' என்று பள்ளிக்கூட போர்டு. வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளுக்கு கிமோனோ மாட்டி, கையில் கொடி கொடுத்து மேடையேற்றுகிறார்கள். உலகம் அன்று மாலை ஆறு மணிக்கு வாடகை உடையோடு முடிந்துவிடுகிறது. விஸ்வபாரதியை 1921-ல் தாகூர் தொடங்கியபோது உலகம் என்றால் ஆள் வர வேண்டும் என்று நினைத்தார். பாரிஸிலிருந்து சில்வேன் லெவி பாடம் நடத்த வந்தார். 1929-ல் ஜப்பானிலிருந்து ஒரு மல்யுத்த வாத்தியார், தகாகாகி, ஜூஜுத்சு சொல்லித்தர வந்து இறங்கினார். ஜாவாவுக்கு 1927-ல் போன பயணத்தின் பலனாக பாத்திக் துணிக்கலை வந்து ஒட்டிக்கொண்டது. 1937-ல் சீன பவனம். அதைக் கட்டி எழுப்பிய தான் யுன்-ஷான் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். அங்கே படித்த வங்காளப் பையனுக்கு சீனா என்பது அட்லஸில் ஒரு கலர் இல்லை. சாயங்காலம் எதிரே நடந்து வருகிற மனுஷர்.

தாகூரைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய பள்ளியும் கடைசியில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்குலேஷனுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துதான் அனுப்பியது. பரீட்சையை அவராலேயே ஜெயிக்க முடியவில்லை. பணமும் படுத்தியது. 1936-ல், எழுபத்தைந்து வயசை நெருங்கும்போது, நாட்டிய நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். டெல்லியில் இதைப் பார்த்த காந்திக்கு மனசு கேட்கவில்லை. 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து, 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்கிற மாதிரி அனுப்பிவைத்தார். நோபல் வாங்கிய கிழவர் மேடை மேடையாக ஏறினாரே, எதற்கு? ஓவியரும் நாட்டிய ஆசானும் மாசா மாசம் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளை விட்டுவிடுங்கள். பணம் கட்டுகிறவர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். கடைசியில் ஓர் அட்டவணை வரும். நடுநிலை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் ஆசிரியர் வேண்டும் என்கிறது. சபாஷ் என்று சொல்லப் போனால், பக்கத்திலேயே ஒரு அடைமொழி: 'பகுதி நேர.'

மொத்த விமர்சனத்தையும் அந்த ஒரு வார்த்தையின் மேல் வைக்கலாம். அந்த வார்த்தையை வைத்துத்தான் 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரை வேலைக்கு எடுத்தார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று பல பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், அரை நாளுக்கு நானூற்றுச் சொச்சம். பள்ளிக்கூடம் மூடியிருக்கிற மே மாதம் அதுவும் கிடையாது என்றுதான் அப்போது இருந்தது. வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான் என்று பசிக்கு யார் போய்ச் சொல்வது? எடுத்தது அ.தி.மு.க. ஆட்சி. நிரந்தரம் செய்கிறோம் என்று 2021 தேர்தலில் வாக்குக் கொடுத்தது தி.மு.க. 2023-ல் அவர்கள் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் வந்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. 10,000 ரூபாயாக இருந்தது 2024-ல் 12,500 ஆனது. நிரந்தரம் வரவில்லை. இதற்கு நடுவே 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தினார்கள். நல்ல காரியம், கிராமத்துப் பிள்ளைகள் மேடையில் ஆடியதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கவும் அடவு போடவும் சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்கு என்ன சம்பளம் என்று மேடையில் யாரும் அறிவிக்கவில்லை.

ஒரு ஓவிய ஆசிரியர் முழு நேரமாக இருந்தால் என்ன பெரிசாக நடந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். ஆறாம் வகுப்புக் கணக்கில் சமச்சீர் வருகிறது. வாசலில் சிக்குக் கோலம் இருக்கிறது. புள்ளி வைத்து, கை எடுக்காமல், எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே கோட்டை முடிக்கிறார்களே, அது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து, கோலத்துக்கும் கணினி அறிவியலில் வரும் மொழி இலக்கணத்துக்கும் உள்ள உறவை 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். நம்ம வீட்டுப் பாட்டி மாவில் போட்டது கம்ப்யூட்டர் சயன்ஸ் பத்திரிகைக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாப் பக்கம் சோக்வே என்று ஒரு மக்கள். அவர்களும் மணலில் விரல் நுனியால் வரிசையாகப் புள்ளி வைக்கிறார்கள். கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றி ஒரே கோட்டை இழுக்கிறார்கள். சோனா என்று பெயர். மொசாம்பிக்கில் வேலை பார்த்த கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் அதை ஆயுசு முழுக்க ஆராய்ந்தார். நம் கோலத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். நினைத்துப் பாருங்கள், பரமக்குடியில் ஒரு பதினொரு வயசுப் பெண் தரையில் உட்கார்ந்து அங்கோலாக் கோட்டையும் அம்மாவின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறாள். ஒன்று கையெடுக்காமல் முடிகிறது, இன்னொன்றுக்கு இரண்டு கோடு வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்கிறாள். கணக்கு, கலை, உலகம் எல்லாம் அந்த 'ஏன்'-ல் வந்துவிட்டது. செலவு ஒரு கைப்பிடி கோலமாவு.

ஆனால் அந்த 'ஏன்' வந்தபோது பதில் சொல்ல இரண்டு பேர் வேண்டும். கோட்டை அறிந்தவர் ஒருத்தர், கணக்கை அறிந்தவர் ஒருத்தர். முன்னாலேயே அவர்கள் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே, "டீச்சர், சமச்சீர் என்னிக்கு எடுக்கறீங்க? அன்னிக்கு நானும் வரேன்" என்று பேசியிருக்க வேண்டும். கணக்கு டீச்சருக்குச் சமச்சீர் பாடம் செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ட்ராயிங் மாஸ்டருக்கு திங்கள், புதன், வெள்ளி. அதுவும் காலையில் மட்டும். மதியம் அவர் பக்கத்து ஊரில் கடை போர்டு எழுதப் போயிருப்பார்.