கச்சிப்பேட்டுப் புலவர்கள்: ஊர்ப்பெயர் அடையும் பாடற் சான்றும்

பிற சமூகங்களில் குடும்பப்பெயர் ஆற்றும் பணியைத் தமிழர் பெயர் மரபில் ஊர்ப்பெயர் பலவிடங்களில் ஆற்றுகிறது. சி. என். அண்ணாதுரை என்னும் பெயரின் முதல் தலைப்பெழுத்து அவர் பிறந்த காஞ்சிபுரத்தை, ஆங்கிலேயர் வழங்கிய ‘கான்சீவரம்’ என்னும் வடிவில் சுட்டுகிறது. இவ்வழக்கின் பழைய நிலையைச் சங்கப் புலவர் பெயர்களில் காணலாம். காஞ்சிபுரத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் கச்சிப்பேட்டை அடையாகப் பெற்ற புலவர் நால்வர். நற்றிணையில் பெருந்தச்சனார் (144, 213), இளந்தச்சன் (266) ஆகியோரும், குறுந்தொகையில் நன்னாகையார் (30, 172, 180, 192, 197, 287), காஞ்சிக்கொற்றன் (213, 216) ஆகியோரும் இடம்பெறுகின்றனர். பொதுவான ஊரடை கொண்டு இவர்களை ஒரு குடியினர் அல்லது ஒரு தொழிற்குழுவினர் எனக் கொள்ளலாமா என்பது ஆராயத்தக்கது.

மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் ஊர், தொழில், இயற்பெயர் மூன்றும் உள்ளன. பெருந்தச்சனார், இளந்தச்சன் என்பவற்றில் தனி இயற்பெயர் இல்லை. ‘பெரு’, ‘இள’ என்னும் அடைகள் ஓரூரில் வாழ்ந்த இருவரை வேறுபடுத்தப் பயன்பட்டிருக்கலாம். அவர்களைத் தந்தையும் மகனுமாகவோ தமையனும் தம்பியுமாகவோ கொள்வதற்குப் பெயரில் சான்றில்லை.

பாடல்களும் பெயர்வழி ஊகத்திற்குத் துணைபுரியவில்லை. கன்று கட்டிய மன்றப் பலாவின் பழத்தை உண்ணும் பசுவைப் பெருந்தச்சனார் காட்டுகிறார். குரவ மலர் சூடும் இடையனை இளந்தச்சன் காட்டுகிறார். இருவர் பாடல்களிலும் தச்சுத்தொழில் இடம்பெறவில்லை. மாறாக, தொழிற்பெயர் ஏதும் பெறாத நன்னாகையாரிடமே தொழிலுவமைகள் உள்ளன. ஏழூர்க்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலைக்களத்துத் துருத்தியைத் தலைவியின் ஓய்வறியா நெஞ்சுக்கு அவர் உவமையாக்குகிறார் (172). மாம்பூந்தாது படிந்த கருங்குயிலைப் பொன்னுரைத்த கட்டளைக்கல்லாகக் காண்கிறார் (192). இவற்றால் அவரைக் கொல்லர் குடியினர் எனின், தச்சர் இருவரையும் இடையர் எனவும் கொள்ள நேரும். பெயரிலிருந்து பாடலுக்கும், பாடலிலிருந்து குடிக்கும் நேர்வழி இல்லை.

இம்முடிவு ஆசிரியர் அடையாளச் சிக்கலொன்றையும் தொடுகிறது. குறுந்தொகை 118, 325 ஆகியவை ஊரடையின்றி ‘நன்னாகையார்’ பெயரில் உள்ளன. இருவரையும் ஒருவராகக் கொண்டால் கச்சிப்பேட்டாரின் பாடல்கள் எட்டாகும். பிரிவுத்துயர் இருசாரார்க்கும் பொதுவெனினும், அது குறுந்தொகை முழுவதும் பரவிய பொருள். தொழிலுவமை இன்மையைக் காட்டி மறுப்பதும் பொருந்தாது. கச்சிப்பேட்டாரின் 30ஆம் பாடலிலும் அத்தகைய உவமை இல்லை. ஆகவே, தொகுத்தோர் ஒரிடத்தில் தந்து மற்றோரிடத்தில் தாராத ஊரடையை ஆய்வாளர் தாமே இட்டு நிரப்பாமல், ஆறு பாடல்களையும் இரண்டு பாடல்களையும் தனித்தனியே நிறுத்துவதே தகும்.

ஊரடை ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்தறிய வைக்கப்பட்டது. அதனையே பலரை ஒன்றாக்கும் கருவியாக்குவது அதன் நோக்கத்திற்கு மாறானது.