ஓட்டுநர் இல்லாத பாதையில் ரயில் பழகுவது

தேக்காவில் எம்ஆர்டி ஏறுகிறவர்கள் ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வருவது இரண்டு பாதைகள். 2003 ஜூன் 20 அன்று திறந்த வடகிழக்குப் பாதை ஒன்று. 2015 டிசம்பர் 27 அன்று இங்கே வந்து சேர்ந்த டௌன்டவுன் பாதை இன்னொன்று. இரண்டிலும் ரயில்கள் தாமாகவே ஓடுகின்றன. முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் தானே புறப்பட்டு, தானே நின்று, தானே கதவைத் திறக்கிற ஒன்று.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை ஆசையாக ரயில் சிமுலேட்டர் விளையாட்டைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஸ்டியரிங்கே கிடையாதே, இதுல என்ன கஷ்டம்?" என்று தொடங்கும். கால் மணி நேரத்தில் "என்னண்ணே இது, நகரவே மாட்டேங்குது" என்று முடியும். பெரியவர்கள் கதையும் பெரும்பாலும் இதுதான்.

இந்த விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் "ஆரம்பத்தில் கடினம், பழகினால் சரியாகிவிடும்" என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தக் கடினத்தில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒன்று ரயிலுக்கே உரியது. இன்னொன்று சொல்லிக்கொடுக்கத் தெரியாத வாத்தியாரால் வருவது. முதலாவதை எடுத்துவிட்டால் விளையாட்டே மிஞ்சாது. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

முதலில் ரயிலுடைய கடினம். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு எஞ்சின் இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அதை நிறுத்தவும் முடிவதில்லை. வேகமாக வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஆகலாம். கார் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பிரேக் போடுகிறார். ரயில் ஓட்டுகிறவர் இன்னும் கண்ணுக்கே தெரியாத நிலையத்துக்காகப் பிரேக் போடவேண்டும். இது கையில் வருவதற்கு நாளாகும். ஆகட்டும்.

காற்று பிரேக் இன்னும் விசித்திரம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக்கில், ரயில் நெடுக ஓடும் குழாயில் அழுத்தம் இருந்தால் பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடிக்கும். புதியவருக்கு இது தலைகீழ்ப் பாடம். அதோடு, அடிக்கடி பிடித்துப் பிடித்து விட்டால் சேமித்த காற்று இறங்கிவிடும். திரும்ப ஏறுவதற்குள் சரிவு வந்துவிட்டால் உங்களிடம் பிரேக் இல்லை. முதல் சரக்கு ரயிலை மலைச்சரிவில் இப்படிப் பறிகொடுக்காதவர்கள் குறைவு.

ஏன் இப்படித் தலைகீழாகச் செய்தார்கள்? பெட்டிகள் நடுவில் அறுந்துபோனால் குழாயும் அறும், காற்று வெளியேறும், இரண்டு பாதியும் தாமாகவே நின்றுவிடும். இவ்வளவுதான். இந்த ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் தலைகீழ்ப் பாடம் நேராகிவிடுகிறது. பயிற்சிப் பகுதிகள் இதைச் சொல்வது அரிது. "இந்த விசையை அழுத்து, அந்தக் கைப்பிடியை இந்த இடம்வரை தள்ளு" என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

இரண்டாவது கடினம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் முதல் இன்றைய டிரெயின் சிம் வேர்ல்டு வரை, புதியவரை நிறுத்திவைப்பது பெரும்பாலும் காரணம் சொல்லாத அமைதி. ரிவர்சர் நடுவில் இருக்கிறது, கதவு ஒன்று பூட்டவில்லை, மின்கம்பியைத் தொடும் கை மேலே எழவில்லை: எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான், ரயில் நகராது. எது குறை என்பதை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிஜ ஓட்டுநருக்குப் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து "கதவப் பாரு தம்பி" என்பார். விளையாட்டில் அந்த இருக்கை காலி.

பாதுகாப்புக் கருவிகளும் அப்படித்தான். பிரிட்டிஷ் ரயில்களில் எச்சரிக்கை சிக்னல் வருவதற்கு முன்பே ஹாரன் ஒலிக்கும்; பொத்தானை அழுத்தி 'கேட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் பிடித்துவிடும். ஜெர்மன் ரயில்களில் ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று ஒரு கருவி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். காரணம் தெரிந்தால் இவை அக்கறையாகத் தெரியும். தெரியாதவருக்குத் தொல்லைதான். 2022இல் வந்த டிரெயின் சிம் வேர்ல்டு 3 பயிற்சிக்கென்றே தனியிடம் கொடுத்தது, நல்ல முயற்சி. ஆனால் அதிலும் கைக்குக் கிடைக்கும் பாடம் அதிகம், புத்திக்குக் கிடைப்பது குறைவு.

காரணம் சொன்னால் எவ்வளவு எளிதாகும் என்பதற்கு நம்மூரிலேயே உதாரணம் உண்டு. 2011 வரை மலாயன் ரயில் தஞ்சோங் பகார் வரை வந்துகொண்டிருந்தபோது, புக்கிட் தீமா நிலையத்தில் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் ஒரு வளையத்தைக் கை மாற்றிக்கொள்வார்கள். அதில் இருப்பது பாதையின் சாவி. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. சாவி யார் கையிலோ அவருக்கே பாதை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். புரிந்தபின் அந்த விதியை மறக்கவும் முடியாது.

வரிசையும் முக்கியம். இந்திய ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டாகச் சேர்கிறவர் நேராக எக்ஸ்பிரஸ் ஓட்டுவதில்லை. சரக்கு, பயணிகள் வண்டி, அதன்பிறகே மெயில், எக்ஸ்பிரஸ். புதிய பாதையென்றால் தனியே ஓட்டுவதற்கு முன் அதில் போய்வந்து பாதையைப் படிக்கவேண்டும்: எங்கே ஏற்றம், எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் என்று. விளையாட்டோ முதல் நாளே அதிவேக ரயிலைக் கையில் கொடுத்து, தெரியாத பாதையில் தள்ளிவிடுகிறது. காசு கொடுத்தவர் கேட்டதைக் கொடுக்கிறோம் என்பார்கள். சரி, ஆனால் அதற்குப் பெயர் யதார்த்தம் இல்லை.

வேறு வழி இருக்கிறது என்பதை டைட்டோ நிறுவனத்தின் டென்ஷா டெ கோ 1996லேயே காட்டிவிட்டது. ஜப்பானிய ஆர்கேடுகளில் வந்த இந்த விளையாட்டு ரயிலின் நூறு விசைகளையும் தூக்கிப்போட்டுவிட்டு வேகக் கைப்பிடியையும் பிரேக் கைப்பிடியையும் வைத்துக்கொண்டது. அட்டவணைப்படி வா, குறித்த இடத்தில் நிறுத்து. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். நன்றாக நிறுத்தப் பல மாதம் ஆகும். வாத்தியாரின் கடினத்தை நீக்கி ரயிலின் கடினத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் கைப்பேசிக்காகச் செய்த இந்தியன் டிரெயின் சிமுலேட்டரும் விசைகளைக் குறைத்தது. ஆனால் அங்கே பாரமும் சேர்ந்து குறைந்துவிட்டது. வண்டியின் எடை விரலுக்குத் தெரிவதில்லை. எளிமை என்பது எதை விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

"கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கே சுகம், எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் என்ன இருக்கிறது?" என்று பழையவர்கள் கேட்பார்கள். பாதி நியாயம். மலைச்சரிவில் காற்றைச் சேமித்து இறங்கும் சுகத்தை யாரும் ஊட்டிவிட முடியாது. ஆனால் எந்த விசை எங்கே என்று இரண்டு மணி நேரம் தேடியதில் சுகமும் இல்லை, ரயிலும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் போனவர்கள் திரும்பி வருவதில்லை.

தேக்காவில் வந்து நிற்கும் வடகிழக்குப் பாதை ரயிலின் முன்முனையில் மூடியிட்ட ஒரு பலகை இருக்கிறது. அதற்குள் கையால் ஓட்டும் கருவிகள். தானியங்கி முறை கைவிட்டால் ஊழியர் ஒருவர் மூடியைத் திறந்து ஓட்டியாக வேண்டும். வித்தை போய்விடவில்லை, கண்ணில் படாமல் இருக்கிறது. ஓட்டுநரையே பார்க்காமல் வளரும் பிள்ளைகளுக்கு அந்த வேலையின் கனத்தைக் காட்ட இந்த விளையாட்டுகளைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவற்றின் வாத்தியார்த்தனத்தின் மேல் இவ்வளவு கோபம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை: எக்ஸ்பிரஸ் பக்கம் போகாதீர்கள். பாதுகாப்புக் கருவிகளை அணைத்துவிட்டு, ஒரு சின்னப் பயணிகள் ரயிலை, ஒரே பாதையில், நிலையங்கள் மனப்பாடமாகும்வரை ஓட்டுங்கள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று படித்துவிட்டு. பத்து நடைமேடை தாண்டிப்போய் நிற்பீர்கள். பதினோராவதில் சரியாக நிற்கும்.